கேம் கிராஷ் ஆகும் இடம்

கள்ளக்குறிச்சி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் பணியாற்றும் கணினி ஆசிரியர்களுக்கு:

வீடியோ கேம் ஒன்றை விடாமல் ஓட்டி, நிரல் தாங்காமல் நின்றுபோகும் இடம்வரை கொண்டுபோவது இன்று உலகெங்கும் ஒரு தனி வித்தையாக வளர்ந்திருக்கிறது. அதில் பேர் வாங்கியவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் போய் முட்டும் சுவர் எது என்று பார்த்தால், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் எண் முறைகள் பாடத்தில் பிட், பைட், 2-ன் நிரப்பு முறை என்று அச்சாகியிருப்பதுதான். பாடத்தைப் படித்து எழுதிய மாணவர் தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார். கேமில் முட்டிக்கொண்ட மாணவருக்கு மறப்பதில்லை, ஆனால் தான் முட்டியது எதில் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் கணினி ஆசிரியராகத்தான் இருக்க முடியும்.

கேம் பாதியில் நிற்பதெல்லாம் ஒரே காரணத்தால் நிற்பதில்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிய குக்கிராமங்களில் கேம் நின்றால் பெரும்பாலும் டவர் போயிருக்கும். நிரல் நன்றாகவே இருக்கிறது, எதிர்முனை சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. பிள்ளைகள் லேக் என்று சொல்வதில் பாதி இதுதான். விலை குறைந்த போனில் கேம் திடீரென்று மூடிக்கொண்டு முகப்புத் திரை வந்துவிடுவது இன்னொன்று. நினைவகம் நிரம்பியதும் செயலியை ஆண்ட்ராய்டே வெளியேற்றிவிடுகிறது. படம் உறைந்து எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் இருந்தால் அது ஹேங். நிரல் பெரும்பாலும் ஏதோ ஒரு சுழலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். இவை எல்லாம் இடத்துக்கு இடம், போனுக்குப் போன் மாறும். இந்த மடல் பேசும் கிராஷ் அப்படிப்பட்டதல்ல. அது எந்த ஊரில், யார் கையில், எத்தனை முறை ஆடினாலும் ஒரே இடத்தில் வரும். எழுதியவர் நிரலுக்குள் எவ்வளவு இடம் விட்டாரோ, அந்த இடம் தீர்ந்துபோகும் புள்ளி அது.

பழைய கேம்கள் எண்களை ஒரு பைட்டில் வைத்தன. ஒரு பைட்டில் 8 பிட். அதில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளுக்கு இடம். 255-உடன் 1 கூட்டினால் ஒன்பதாவது பிட் தேவைப்படும், அது இல்லாததால் மிஞ்சுவது 0. டிவிஎஸ் மொபெட்டின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 என்று வந்து நிற்பது போலத்தான். வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே அடுத்த வேலையைத் தீர்மானிக்கும் நிரலுக்கு எல்லாமே ஆகிறது.

1980-இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்-மேன் இதற்கு முதல் பாடம். அதை எழுதியவர்கள் முடிவு என்று ஒன்றை வைக்கவில்லை. ஆடுபவர் அவ்வளவு தூரம் போவார் என்று நினைக்கவும் இல்லை. போனார்கள். 256-ஆம் கட்டத்தில் திரையின் இடது பாதி வழக்கம்போல இருக்க, வலது பாதி எழுத்தும் எண்ணும் வண்ணத் துண்டுகளுமாகக் குலைந்துபோனது. காரணம், திரையின் கீழ் மூலையில் பழங்களை வரையும் ஒரு சின்ன நிரல் பகுதி. கட்ட எண் உள்ளே 0-விலிருந்து தொடங்குவதால் 256-ஆம் கட்டத்தில் அது 255. எத்தனை பழம் வரைய வேண்டும் என்று பார்க்க நிரல் அதனுடன் 1 கூட்டுகிறது; 0 வருகிறது. எட்டுக்குக் குறைவான எண் வந்தால் அத்தனை பழம் வரை என்பது கட்டளை. பூச்சியம் எட்டுக்குக் குறைவுதானே. ஆனால் அந்தச் சுழல் ஒரு பழத்தை வரைந்து, எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதன் பிறகே பூச்சியமா என்று பார்க்கிறது. 0-விலிருந்து 1 போனால் 255. ஆகவே அது 256 பழங்களை வரையப் புறப்படுகிறது. பழப் பட்டியல் சீக்கிரமே தீர்ந்துவிட, அதற்கு அடுத்து நினைவகத்தில் கிடந்ததையெல்லாம் பழம் என்றே எடுத்துத் திரைமேல் அப்புகிறது. 244 புள்ளிகளைத் தின்றால்தான் அடுத்த கட்டம் திறக்கும். பாதித் திரை காணாமல் போனபின் அத்தனை புள்ளி கிடைக்காது. ஆட்டம் அங்கே முடிந்தது. ஒரு உயிரும் இழக்காமல், கிடைத்ததையெல்லாம் தின்று அங்கே வந்து சேர்ந்தால் கிடைக்கும் 33,33,360 புள்ளிதான் இந்தக் கேமின் முழு மதிப்பெண். எல்லை இல்லை என்று எழுதப்பட்ட கேமுக்கு ஒரு முழு மதிப்பெண் கிடைத்ததே இந்தப் பிழையால்தான்.

1981-இன் டாங்கி காங் கதை இதைவிடச் சுருக்கம், வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்ட இதைவிட வசதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தரும் நேரத்தை அது இப்படிக் கணக்கிடுகிறது: கட்ட எண்ணுடன் 4 கூட்டு, 10-ஆல் பெருக்கு, அது எத்தனை நூறு என்று வைத்துக்கொள். 8000-க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு. 22-ஆம் கட்டத்தில் 26-ஐ 10-ஆல் பெருக்கினால் 260. பைட்டில் 256 போக மிச்சம் 4. உச்சவரம்பைச் சரிபார்க்கும் வரி இதற்குப் பிறகுதான் வருகிறது. 4 என்பது வரம்புக்கு உட்பட்டதுதான் என்று அது விட்டுவிடுகிறது. ஆடுபவருக்குக் கிடைப்பது 400. சில நொடிகளில் நேரம் முடிந்து கதாநாயகன் நின்ற இடத்திலேயே விழுந்து சாகிறான். சரிபார்ப்பு இருந்தது, ஒரு அடி தள்ளி இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த எல்லைகளோடு பழக்கம் வந்தது தொண்ணூறுகளின் டிவி கேம் பெட்டியால். ஜப்பானிய 8 பிட் பெட்டியின் நகல்கள் அவை. கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பதோ திரும்பத் திரும்ப அதே சில கேம்கள். அவற்றில் தவறாமல் இருந்தது 1985-இன் சூப்பர் மாரியோ. அதன் 3-1 கட்டத்தின் முடிவில், படிக்கட்டில் இறங்கும் ஆமையைச் சரியான இடத்தில் மிதித்தால் ஓடு மோதி மோதித் திரும்பிவர, லைஃப் ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்பதைத் தாண்டியதும் எண்ணோடு கிரீடம் போல ஒரு குறி வரும், அதற்கும் மேலே போனால் அர்த்தமில்லாத சின்னங்கள். இரண்டு இலக்கத்தை ஒழுங்காக எழுதிக்காட்ட நிரலில் இடம் விடப்படவில்லை. பேராசை பிடித்து 127-ஐக் கடந்து வெகு தூரம் போனபின் செத்தால், ஒரே சாவில் ஆட்டம் முடிந்துவிடும். அந்தப் பைட்டின் முதல் பிட்டை நிரல் கழித்தல் குறியாகப் படிக்கிறது. 127-க்கு அப்பால் இருப்பவை அதன் கண்ணுக்கு எதிர்மறை எண்கள், எதிர்மறை என்றால் லைஃப் தீர்ந்துவிட்டது என்று பொருள். 2-ன் நிரப்பு முறைக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எந்த நூலிலும் இல்லை.

அதே கேமில் 1-2 கட்டத்தின் கடைசிச் சுவரை ஊடுருவிக் குழாய்க்குள் இறங்கினால் -1 என்ற பெயரில் ஒரு கடலடி உலகம் வரும். நீந்தி முடித்தால் மறுபடியும் அதே கடல். இதைக் கழித்தல் ஒன்று என்று பிள்ளைகள் படிப்பார்கள். உண்மையில் அது 36-1. எழுத்துருப் பட்டியலில் 36-ஆம் இடத்தில் இருப்பது வெற்றிடம் என்பதால் முன்னெண் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே கேம் நிற்கவில்லை, தனக்கு ஒதுக்காத இடத்திலிருந்து ஒரு எண்ணை எடுத்து அதையே உலகம் என்று நம்புகிறது.

மேலே சொன்னவை பெரும்பாலும் எண் தீர்ந்துபோன கதைகள். டெட்ரிஸின் கதை வேறு. அங்கே தீர்ந்துபோனது நேரம். அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸை, 1989-இல் நின்டெண்டோ தன் 8 பிட் பெட்டிக்குக் கொண்டுவந்தது. அதில் 29-ஆம் கட்டம்தான் முடிவு என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். காரணம் எளிது. அந்தக் கட்டத்திலிருந்து கட்டை, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி இறங்குகிறது. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுவதால், 20 வரி உயரத்தை மூன்றில் ஒரு நொடியில் கடந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை பக்கவாட்டில் நகர்வதோ ஆறு புதுப்பிப்புக்கு ஒரு சதுரம். ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தரை வந்துவிடும்.

மனிதர்கள் இதை விரலால் தாண்டினார்கள். பொத்தானைப் பிடித்துக்கொள்ளாமல் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் தட்டும் பழக்கத்தால் தோர் ஆக்கர்லண்ட் 30-ஆம் கட்டத்தைத் தொட்டார். பின்னர் 2020-ஐ ஒட்டி வந்தது ரோலிங் என்ற முறை. கட்டைவிரலைப் பொத்தான்மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறுகையின் விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கன்ட்ரோலரின் முதுகில் தட்ட, கன்ட்ரோலரே வந்து கட்டைவிரலில் மோதுகிறது. அழுத்துவது விரல் என்ற நிலை போய், அழுத்துவது கன்ட்ரோலர் என்றானது. இதற்குப் பிறகு 29 ஒரு சுவரே அல்ல. 138-ஆம் கட்டத்தில் புதிய தொல்லை ஒன்று காத்திருந்தது. கட்டைகளின் வண்ணத் தொகுதி பத்துதான்; நிரல் அந்தப் பட்டியலைத் தாண்டி வெளியே படிக்கத் தொடங்கி, வண்ணமே அல்லாதவற்றை வண்ணமாகத் தீட்டியது. 146, 148 கட்டங்களில் கறுப்புப் பின்னணியில் கட்டைகள் கண்ணுக்குச் சரியாகப் புலப்படுவதே இல்லை.

உண்மையான கிராஷ் எங்கே என்பதை விளையாடிக் கண்டுபிடிக்கும் முன்பே நிரலைப் படித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. 2021-இல் கிரெகரி கேனன் எழுதிய ஸ்டாக்ராபிட் என்ற நிரல், மாற்றியமைத்த டெட்ரிஸில் 237-ஆம் கட்டம்வரை போய் கேமைக் கிராஷ் ஆக்கியது. ஏன் நின்றது என்று ஆர்வலர்கள் கேமின் இயந்திர மொழியை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். விடை மதிப்பெண் கணக்கில் இருந்தது. ஒரு வரி அழித்தால் 40 புள்ளி, அதைக் கட்ட எண்ணுடன் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் செயலிக்குப் பெருக்கல் கட்டளை கிடையாது. 157-ஆம் கட்டம் என்றால் 40-ஐ 158 முறை திரும்பத் திரும்பக் கூட்டித்தான் 6,320-ஐ அடைகிறது. செயலியின் வேகம் நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு; ஒரு திரைப் புதுப்பிப்புக்கு ஏறத்தாழ 29,800 துடிப்பு மட்டுமே கிடைக்கும். கூட்டல் நீண்டுகொண்டே போக, வேலை முடியும் முன்பே அடுத்த புதுப்பிப்பு மணி அடித்து இடையில் புகுந்துவிடுகிறது. அடுத்து எந்த வரிக்குத் தாவ வேண்டும் என்ற முகவரியை நிரல் குறித்துவைத்திருக்கும் அதே இடத்தை, இடையில் புகுந்த வேலையும் பயன்படுத்துகிறது. திரும்பி வரும்போது முகவரி மாறியிருக்கிறது. செயலி சம்பந்தமே இல்லாத இடத்துக்குத் தாவிவிடுகிறது. எந்தக் கட்டத்தில், எத்தனை வரியை அழித்தால் இது நேரும் என்று ஒரு பட்டியலே தயாரானது. 155-ஆம் கட்டத்திலிருந்து வாய்ப்பு தொடங்குகிறது.

2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன், 157-ஆம் கட்டத்தில் 1,511-ஆவது வரியை அழித்ததும் கேம் உறைந்தது. மதிப்பெண் 68,50,560. ஆட்டம் தொடங்கி சுமார் 38 நிமிடம் ஆகியிருந்தது. மனிதர் ஒருவர் அந்த டெட்ரிஸை நிறுத்திக் காட்டியது அதுவே முதல் முறை, கேம் வெளியாகி 34 ஆண்டுகளுக்குப் பிறகு. செய்தி வெளியானதும் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவர், டெட்ரிஸை வெல்வது வாழ்க்கை லட்சியம் ஆகாது, திரையை விட்டு வெளியே போய்க் காற்று வாங்க வேண்டும் என்று ஒளிபரப்பிலேயே சொன்னார். பலர் அவரைக் கண்டித்தார்கள். பள்ளி ஆசிரியர் அறைகளிலும் அந்தப் பேச்சு கேட்காத ஒன்றல்ல. அந்தச் சிறுவன் செய்தது என்ன என்பதை மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், கண்டித்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பது தெரியும். 2024 அக்டோபரில் மைக்கேல் ஆர்டியாகா, கிராஷ் நீக்கிய பதிப்பில் 255-ஆம் கட்டத்தையும் தாண்டினார். எண் சுழன்று கேம் மீண்டும் பூச்சியக் கட்டத்திலிருந்து, ஆரம்பத்தின் ஆமை வேகத்தில், தொடங்கியது. டெட்ரிஸிலும் கடைசியில் அந்தப் பழைய 8 பிட்டே வந்து நின்றது.

எண் பெரிதானால் எல்லையும் தள்ளிப்போகும், மறைவதில்லை. மைன்கிராஃப்டின் பழைய பீட்டா பதிப்புகளில், 1.7.3 வரை, தொடங்கிய இடத்திலிருந்து 1,25,50,821 கட்டை தொலைவு போனால் நிலம் துளைபட்ட பெருஞ்சுவராக எழும்பி நின்றது. மலையும் சமவெளியும் உருவாக்கும் கணக்கு 32 பிட் எண்ணின் எல்லையைத் தாண்டிய இடம் அது. நொடிக்குச் சுமார் 4.3 கட்டை என்ற நடை வேகத்தில் இரவு பகல் நிற்காமல் நடந்தாலும் 33 நாளுக்கு மேல் ஆகும். குர்ட் மேக் என்ற அமெரிக்கர் 2011 மார்ச்சில் அதை நோக்கி நடக்கத் தொடங்கி, அந்த நடையைக் காட்டியே குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார். அதே ஆண்டின் அடுத்த பதிப்பில் அந்தச் சுவர் நீக்கப்பட்டுவிட்டது; அவர் பழைய பதிப்பிலேயே நடந்தார்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது தவிர்க்க வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு, அது இந்திய மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1991-இன் சிவிலைசேஷன் கேமில் காந்தியின் மூர்க்கத்தனத்துக்கு 1 என்று மதிப்பு வைத்திருந்தார்களாம். அவர் நாடு மக்களாட்சிக்கு மாறியதும் அதிலிருந்து 2 குறைய, 255 ஆகி, காந்தி அணுகுண்டோடு புறப்பட்டாராம். கேட்க அழகாக இருக்கிறது, பாடத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் நடக்கவில்லை. கேமை உருவாக்கிய சிட் மெயரே 2020-இல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காந்திக்கு அணுகுண்டு ஆசை மிக அதிகமாக இருப்பது உண்மை. அது வடிவமைப்பாளர் வேண்டுமென்றே வைத்த வேடிக்கை. பொருத்தமாக இருப்பதாலேயே ஒரு கதை உண்மையாகிவிடாது. கிராஷைத் தேடும் ஆட்களுக்கு இது முதல் விதி, நிரலைத் திறந்து பார்க்காதவரை எந்தக் காரணமும் ஊகம்தான்.

கேமுக்கு வெளியேயும் இதே எல்லைகள் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்துச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் போட முயன்றதே காரணம், அந்த இடத்தில் 32,767-க்கு மேல் கொள்ளாது. இனி வரப்போவது 2038. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட் எண்ணில் எண்ணிவரும் பழைய கணினிகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் தேதி 1901-க்குப் போகும். பொங்கல் முடிந்த வாரம். பள்ளிகளில் முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்.

வகுப்பறைக்கு வந்தால், பழைய பெட்டியோ கேசட்டோ தேவையில்லை. பதினோராம் வகுப்பில் சி++ இருக்கிறது. அன்சைன்டு சார் வகை மாறி ஒன்றில் 255 வைத்து, அதே மாறியில் 1 கூட்டி, விடையை முழு எண்ணாக மாற்றி அச்சிட்டால் பேக்-மேன் கண்ட பூச்சியம் திரையில் வரும். குறி உள்ள முழு எண்ணில் இதைச் செய்யும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை, அங்கே எல்லை தாண்டினால் என்ன விடை வரும் என்பதற்கு மொழியே உத்தரவாதம் தருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு மாறியதும் இந்த எல்லை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது, ஏனென்றால் பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் நினைவகம் இருக்கும்வரை நீளும். எல்லை என்பது பழைய காலத்துச் சங்கதி என்று மாணவர் நினைத்துக்கொள்ள இது போதும். அங்கே வேறு சுவரைக் காட்டலாம்: தன்னையே அழைக்கும் செயற்கூறு ஒன்றை எழுதி ஓடவிட்டால், வழக்கமான அமைப்பில் சுமார் 1000 அழைப்பில் பைத்தான் பிழைச் செய்தியோடு நிறுத்திவிடும்.

இளைய வகுப்புகளுக்கு ஸ்க்ராட்ச் 3 போதும். இணையம் இல்லாமலே இயங்கும் பதிப்பு இருப்பதால் மலைப் பள்ளிகளுக்கு டவர் கவலை இல்லை. ஒரு மாறியில் 9007199254740992 என்ற எண்ணைத் தட்டி, ஒன்று கூட்டும் கட்டளையை எத்தனை முறை அழுத்தினாலும் எண் அசையாது. இது சுழன்று பூச்சியமாகும் எல்லை அல்ல. அந்த அளவுக்கு மேல் ஒற்றைப்படை எண்களை எழுத 64 பிட் மிதவை எண்ணில் இடமில்லாததால் விடை பழைய எண்ணிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. பேக்-மேனின் எல்லையும் இதுவும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டால் பிளஸ் டூ மாணவருக்கும் சற்று நேரம் பிடிக்கும்.

லேப் கணினி பாழாகிவிடும் என்ற அச்சம் பல பள்ளிகளில் உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினிகளில், வைஸ் சிட்டி கேமில் பேன்சர் என்ற சங்கேதச் சொல்லைத் தட்டித் தட்டி டாங்கிகளை வரவழைத்து, தெருவே அடைபட்டு, கேம் திணறி மூடிக்கொள்ளும்வரை பார்த்த பிள்ளைகள் ஏராளம். மடிக்கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கேம் தன் இடத்தை மீறியதும் இயங்குதளம் அந்த ஒரு நிரலை மட்டும் வெளியேற்றுகிறது, மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். முழுக் கணினியும் உறைந்தால்கூட அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், சேமிக்காத வேலை மட்டும் போகும். ஆனால் இந்தச் சுதந்திரம் சொந்தக் கணினியில் தனியாக ஓடும் கேமுக்கு மட்டும்தான். இணையத்தில் பலர் ஆடும் கேமின் சர்வரைத் திணறடிப்பது பிறர் கணினியை முடக்குவது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் அதற்கு மூன்றாண்டுவரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ வைத்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கேமை நிறுத்தியது மட்டும் போதாது, இன்னொருவர் அதே இடத்தில் நிறுத்த முடிய வேண்டும். ஹைதராபாத்திலும் புனேயிலும் பெங்களூருவிலும் கேம் நிறுவனங்களில் இதைச் சம்பளத்துக்குச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் குறிப்பு எப்போதும் ஒரே அமைப்பில் இருக்கும். எந்தக் கேம், எந்தப் பதிப்பு, எந்தக் கணினி. என்னென்ன செய்தார், வரிசையாக. என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார், என்ன நடந்தது. எத்தனை முறை செய்ததில் எத்தனை முறை. ஸ்க்ராட்சிலேயே ஒன்றை எழுதிப் பழகலாம். பச்சைக் கொடியை அழுத்தியதும் பூனை தன்னை 400 முறை நகலெடுக்க வேண்டும் என்று கட்டளை கொடுத்தால், எதிர்பார்த்தது 400 நகல், வந்தது 300, ஐந்து முறை ஓட்டியதில் ஐந்து முறையும் அதே 300. ஸ்க்ராட்ச் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் நகல்களின் உச்சவரம்பு அது. இந்த நான்கு வரி இருந்தால் அது குறிப்பு. பூனை சரியாக வரவில்லை சார் என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு எளிதாகக் கைக்கெட்டும் ஒரு சோதனையும் உண்டு. பல கேம்களில் ஆடுபவர் பெயருக்கு ஒரு பெட்டி இருக்கும். எழுதியவர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் போட்டு இடம் விட்டிருப்பார். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதில் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு. வெள்ளிமலை என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு 27 பைட். கள்ளக்குறிச்சி எட்டெழுத்து, 14 குறியீடு, 42 பைட். 32 பைட் மட்டும் ஒதுக்கிய பெட்டியில் அது கள்ளக்குறி என்பதோடு நின்று, அடுத்த குறியீட்டின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் அறுந்து தொங்கும். ஒழுங்காக எழுதிய கேம் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தைக் காட்டும், ஒழுங்கில்லாதது நின்றுவிடும். இந்திய எழுத்து பெரிய நிறுவனங்களையும் இப்படிச் சாய்த்திருக்கிறது. 2018 பிப்ரவரியில், தெலுங்கில் ஞானம் என்ற சொல்லின் முதலில் வரும் ஒரே ஒரு கூட்டெழுத்து செய்தியாக வந்து சேர்ந்ததும் ஐபோன்களில் செயலிகள் சரிந்தன; ஆப்பிள் அந்த மாதமே 11.2.6 பதிப்பை வெளியிட்டுத் திருத்தியது. தங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் தட்டிப் பார்த்து, எத்தனையாவது எழுத்தில் உடைந்தது, எந்தப் பதிப்பு, எந்தப் போன் என்று மாணவர் எழுதி அனுப்பினால், கேமை உருவாக்கியவருக்குத் தன் மேசையில் கிடைத்திராத தகவல் அது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் அதை அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது.